எந்தப் பெட்டி எந்தப் படத்தைத் திறக்கும்?

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் ‘தகவல் கிராமம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு நிதி தந்தது. வில்லியனூரில் நடு நிலையம் அமைந்தது. சுற்று ஊர்களில் அறிவு மையங்கள் திறக்கப்பட்டன. தொலைபேசிக் கம்பியும் விஎச்எஃப் வானொலியும் கலந்த வலைப்பின்னல் அவற்றை இணைத்தது. கரண்ட் போனால் சமாளிக்கச் சூரிய மின்சாரமும் துணைக்கு இருந்தது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கும் ஒரு மையம் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டுவந்த அலை உயர முன்னறிவிப்பு தரவிறக்கப்பட்டு, தமிழில் சொல்லப்பட்டு, கடற்கரை ஒலிபெருக்கியில் ஒலித்தது. வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு முடிவெடுத்தார்கள். 2001-இல் இந்தத் திட்டம் ஸ்டாக்ஹோம் சவால் விருது பெற்றது.

அந்த மையத்தின் கணினியை இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அதன் வேகம் மிகச் சொற்பம். ஆனாலும் அது வேலையைக் குறைவின்றிச் செய்தது. அதன் முன்னால் வந்தவை எழுத்து, ஒரு வண்ண வரைபடம், கொஞ்சம் குரல் அவ்வளவுதான். என்ன வரப்போகிறது என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற கருவியை வைத்தார்கள்.

இன்று அதே ஊரில் ஒரு வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் படம் பார்க்க ஒரு சிறிய கணினி வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பழையதும் புதியதும் இருக்கும். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4, 2023-இல் வந்த பை 5, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட லெனோவா அல்லது டெல் மினி பிசி, இன்டெல் என்100 பொருத்திய புதுப் பெட்டி. ‘புதுசுதான் நல்லது’ என்பது கடைக்காரரிடமிருந்து உடனே கிடைக்கும் பதில். வீடியோவைப் பொறுத்தவரை அந்தப் பதில் பல நேரம் தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொள்ள, ஒரு படம் திரைக்கு வரும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். நொடிக்கு 24 படங்கள். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 149 மெகாபைட் வரும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் அப்படியே சேமிக்கப்பட்டால் 1,300 ஜிபியைத் தாண்டும். அதே படம் பென் டிரைவில் 4 ஜிபியில் அடங்கிக் கிடக்கிறது. முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே! 4கே என்றால் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு.

இந்தச் சுருக்கத்தின் அடிக்கல்லை இட்டவர்களில் ஒருவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸில் பேராசிரியராக இருந்த நாசிர் அகமது, 1972-இல் ஒரு கணித உத்தியை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். பணம் கிடைக்கவில்லை. விடாமல் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய மாணவர் டி. நடராஜன், மேலே சொன்ன கிண்டி மாணவர் கே.ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக அதை வெளியிட்டார். டிசிடி என்று பொறியாளர்கள் அழைக்கும் அந்த உத்தி, படத்தின் ஒரு சிறு கட்டத்தை மெல்ல மாறும் நிறங்களாகவும் சட்டென்று மாறும் நுணுக்கங்களாகவும் பிரித்துவிடுகிறது. நம் கண்ணுக்கு மெல்ல மாறுவது நன்றாகத் தெரியும், நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது. தெரியாததைக் கழித்துவிட்டால் கோப்பு சிறுத்துப்போகும். செல்போனில் வரும் ஒவ்வொரு புகைப்படத்துக்குள்ளும் டிவியில் ஓடும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இந்த மூவரின் கணக்கு, நேராகவோ சற்று உருமாறியோ, வேலை செய்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் இந்தப் பெயர்கள் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது உத்தி அசைவைப் பற்றியது. ஆடி மாதத்தில் வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர் ஓடும். பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடித்த பழக்கம் தொடர்ந்து, இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்தக் காட்சியை ஒருவர் கேமராவை நிலையாக வைத்துப் படமெடுத்தால், பின்னாலிருக்கும் வீடுகளும் வானமும் படத்துக்குப் படம் மாறுவதில்லை. தேர் மட்டும் நகர்கிறது. ஆகவே கோப்பில் முழுப் படமும் எழுதப்படுவதில்லை. ‘இந்தக் கட்டத்தில் இருப்பது போன படத்திலும் இருந்தது, மூன்று புள்ளி வலப்பக்கம் தள்ளி வை’ என்ற குறிப்பு போதும்.

அதே ஆள் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினால் கதை மாறிவிடும். உடைகிற அலையில் ஒரு துளிகூடப் போன படத்தில் இருந்த மாதிரி இராது. எதையும் ‘நகர்த்தி வை’ என்று சொல்ல முடியாது. நுரையோ முழுக்க முழுக்க நுணுக்கம். வீடியோ சுருக்கத்துக்குக் கடலைப் போலக் கடினமான காட்சி அதிகமில்லை. குறைந்த அளவில் சுருக்கிய படங்களில் முகம் தெளிவாக இருக்கும்போதே அலை மட்டும் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

இப்படிச் சுருக்கிய கோப்பை நொடிக்கு 24, 50, 60 முறை விரித்துக் காட்ட வேண்டியது பெட்டியின் வேலை. சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். விரிப்பது டீகோடர். விரிப்பதற்கு இரண்டு வழி உண்டு. பிராசசரே ஒவ்வொரு கணக்காகப் போட்டு விரிக்கலாம். அல்லது அந்த ஒரு வேலைக்கென்றே சில்லுக்குள் செதுக்கி வைத்த தனிச் சுற்று விரிக்கலாம். முதல் வழியில் சூடும் கரண்டும் அதிகம். இரண்டாவதில் பிராசசர் ஏறக்குறைய ஓய்வில் இருக்கும்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைத் தொண்ணூறுகளில் விசிடி பார்த்த தலைமுறை கண்ணால் கண்டது. 1993-இல் வந்த விசிடியில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி. அன்றைக்கு விலை அதிகமாயிருந்த 486 கணினி அதை ஓட்டத் திணறியது. சீனாவிலிருந்து வந்த மலிவு விசிடி பிளேயர் தங்குதடையின்றி ஓட்டியது. கணினியில் ஆயிரம் வேலை செய்யும் பிராசசர் இருந்தது. பிளேயருக்குள் எம்பெக்-1 கோடெக்கை விரிப்பதை மட்டும் அறிந்த ஒரு சில்லு இருந்தது.

ஆக, பெட்டியின் வயதைவிட முக்கியமான கேள்வி, அதன் சில்லுக்குள் எந்தெந்தக் கோடெக்குக்குத் தனிச் சுற்று இருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு கோடெக்கும் ஒவ்வொரு காலத்தில் வந்தது. டிவிடியில் இருப்பது தொண்ணூறுகளின் எம்பெக்-2. 2003-இல் எச்.264 வந்தது. அதைவிட ஏறக்குறைய பாதி அளவில் அதே தரம் தரும் எச்.265 வந்தது 2013-இல். கூகுளின் விபி9-உம் அதே ஆண்டு. உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று பல நிறுவனங்கள் கூடி 2018-இல் வெளியிட்டது ஏவி1.

ராஸ்பெர்ரி பையின் வரலாறு இதற்கு அருமையான பாடம். 2012 பிப்ரவரி 29 அன்று, 35 டாலருக்கு முதல் பை வந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒற்றைப் பிராசசர், 256 எம்பி நினைவகம். ஆனாலும் 1080 எச்.264 படத்தை அது சுகமாக ஓட்டியது, தனிச் சுற்று இருந்ததால். எம்பெக்-2-க்கும் சுற்று இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. திறக்க 2.40 பவுண்டு கட்டி உரிமச் சாவி வாங்க வேண்டும். பழைய டிவியில் செருக மஞ்சள் நிற வீடியோ துளையும் அதில் இருந்தது.

2019 ஜூனில் வந்த பை 4-இல் எச்.265-க்கு 4கே-யில் நொடிக்கு 60 படம் வரை விரிக்கும் சுற்று சேர்ந்தது. எச்.264-க்கு 1080 வரை இருந்தது. 2023-இல் வந்த பை 5 எல்லா விதத்திலும் வேகமானது. பிராசசர் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அதில் எச்.264-க்கான சுற்றே இல்லை! எச்.265-க்கு மட்டும் இருக்கிறது. எச்.264-ஐ இனிப் பிராசசரே பார்த்துக்கொள்ளும் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். 1080 படத்தை அது தாராளமாக ஓட்டும், கூடுதல் சூட்டோடு. 3.5 மில்லிமீட்டர் ஒலி-ஒளித் துளையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டின் பென் டிரைவில் இருப்பது பெரும்பாலும் எச்.264 1080 படங்கள் என்றால், அந்த ஒரு வேலைக்குப் பழைய பை 4 குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் ஓடும். கைப்பேசியிலோ கேமராவிலோ எச்.264-இல் எடுத்த 4கே வீடியோ என்றால் நிலைமை தலைகீழ். பை 4-இன் சுற்றுக்கு அது எட்டாத அளவு.

செகண்ட் ஹேண்ட் மினி பிசிகளின் பக்கம் போகலாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் கழித்துவிடுகின்றன. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் இவை கிடைக்கும். லிப்ரெலெக் போன்ற லினக்ஸ் அமைப்பை நிறுவினால் விண்டோஸ் பற்றிய கவலையே இல்லை, பெட்டி நேராகக் கோடி என்ற படம் பார்க்கும் செயலியில் போய்த் திறக்கும்.

ஆனால் வாங்கும்போது ஓர் எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். ‘ஐ5-6500டி’, ‘ஐ5-7500டி’ என்ற இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிக்குள் இருக்கும், விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆறில் தொடங்குவதில் எச்.265-க்கு 8 பிட் நிற ஆழம் வரைதான் முழுச் சுற்று உண்டு. ஏழில் தொடங்குவதில் 10 பிட்டும் விபி9-உம் உண்டு. 4கே திரைப்படங்கள் பெரும்பாலும் 10 பிட்டில் வருகின்றன. பெட்டியைத் திறந்து பார்த்தாலும் தெரியாத இந்த வித்தியாசத்தால், ஒன்றில் படம் ஓடும், இன்னொன்றில் விசிறி இரைந்துகொண்டு படம் திக்கும். நான்காம் தலைமுறையில் எச்.265-க்குச் சுற்றே கிடையாது. ஏவி1 வேண்டுமென்றால் பதினோராம் தலைமுறைக்குப் போக வேண்டும், அல்லது 2023 தொடக்கத்தில் வந்த என்100. அது 6 வாட் வகைச் சில்லு என்பதால் சூடும் குறைவு.

யூடியூப் மட்டும் பார்க்கிற வீட்டுக்குக் கணக்கு வேறு. 1080 வரை யூடியூப் எச்.264-உம் தருகிறது. அதற்கு மேல் விபி9 அல்லது ஏவி1 மட்டுமே. பை 4-இலும் 5-இலும் இவை இரண்டுக்கும் சுற்று இல்லை. ஓடிடிக்கு இன்னொரு பூட்டு உண்டு. வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் வன்பொருளோடு பிணைந்த உயர்நிலை அனுமதி டிவிகளுக்கும் டிவியில் செருகும் ஸ்டிக்குகளுக்கும் கிடைக்கிறது. பைக்கும் லினக்ஸ் பெட்டிக்கும் கிடைக்கும் கீழ்நிலை அனுமதிக்குப் பல நிறுவனங்கள் மங்கலான தரத்தில்தான் படம் தருகின்றன. காசு கட்டிப் பார்க்கும் ஓடிடிதான் முக்கியம் என்றால் சிறு கணினி வாங்கவே வேண்டாம்.

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுவது ரிமோட். பையில் எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளை வந்துவிடும். பெரும்பாலான இன்டெல் பெட்டிகளில் அந்த வசதி இல்லை, தனி ரிமோட்டோ கீபோர்டோ வேண்டும். வீட்டில் வயதான ஆத்தா தனியாக உட்கார்ந்து பழைய படம் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதைவிட இதுவே பெரிய விஷயம்.

அசைவின் சீர்மையும் அப்படித்தான். சினிமா நொடிக்கு 24 படம். டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24 சரியாக வகுக்காது. ஆகவே ஒரு படம் 33 மில்லிநொடியும் அடுத்தது 50 மில்லிநொடியும் மாறி மாறி நிற்கும். கேமரா மெல்ல நகரும் பாடல் காட்சியில் இந்த நொண்டல் தெரியும். படத்துக்கேற்ப டிவியின் வேகத்தை மாற்றச் சொல்லும் அமைப்பு கோடியில் இருக்கிறது. ஒருமுறை அதைப் போட்டுவிட்டால், பத்து வருடப் பழைய பெட்டியிலும் படம் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கடல் பக்கத்து வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு கேள்வி உண்டு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகக் காற்றில் மிதந்து வருகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டதும் நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது, சுற்றுப்பலகை மேல் படிந்த உப்பு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கொஞ்சமாவது நசநசத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரப் படலத்தில் மின்னழுத்தம் இருந்தால், உலோகம் ஒரு காலிலிருந்து கரைந்து இன்னொரு காலில் கிளைகிளையாக வளர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும். கால்கள் நெருங்க நெருங்க ஆபத்து கூடும்.

விசிறி இந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. அதனால் கடற்கரை வீட்டுக்கு விசிறி இல்லாத பெட்டியே மேல். உறையே வெப்பத்தைக் கடத்தும் அலுமினிய உறைக்குள் பை 4-ஐ வைத்தால் துவாரமே தேவைப்படாது. சூடு ஒரு விதத்தில் நண்பனும்கூட. 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 38 டிகிரியில் இருக்கும் பலகையைத் தொடும்போது அங்கே ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். சாதாரண உப்பு கரையும் வாசலுக்கு வெகு கீழே. ஆகவே 3 வாட்டில் சும்மா இருக்கும் சிறு பெட்டியை அணைக்காமல் விடுவது கடலோரத்தில் வீண்செலவு ஆகாது. ஒரு வாட் ஆண்டு முழுக்க எரிந்தால் 8.76 யூனிட். பை 4-க்கு ஆண்டுக்கு 26 யூனிட் வரும், 10 வாட் இழுக்கும் மினி பிசிக்கு 88 வரும். ஆனால் கோடையில் கவனம் தேவை. பையின் சில்லு 80 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடிய அலமாரிக்குள் டிவிக்குப் பின்னால் செருகி வைத்தால் மே மாதத்தில் அது நடந்துவிடும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கரையில் ஏறின. கரண்ட் இல்லாத நாட்களில் 5 வோல்ட் கேட்கும் பை 4-ஐ நல்ல பவர் பேங்கிலும் ஓட்டலாம். பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். சாதாரண 3 ஆம்பியர் சார்ஜரில் அது ஓடும், ஆனால் யூஎஸ்பி துளைகளுக்குத் தரும் மின்சாரத்தை 600 மில்லிஆம்பியராகக் குறைத்துவிடும். சுழலும் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் அது எழும்பாமல் போகலாம். ‘டிஸ்க் கெட்டுப்போச்சு’ என்று பலர் நினைத்துக்கொள்ளும் இடம் இது.

இவ்வளவு பேசியும், பல வீடுகளில் மிகவும் மதிப்புள்ள வீடியோ எச்.264-உம் இல்லை, ஏவி1-உம் இல்லை. அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் கல்யாண டிவிடி, மஞ்சள் நீராட்டு விழா டிவிடி. அதிலிருப்பது எம்பெக்-2. 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் ஒரு பாதி என இரண்டாகப் பிரிந்து பதிவானது. டியூப் டிவிக்கு அது பொருத்தம். இன்றைய தட்டைத் திரையில், மாலை மாற்றும் கை அசையும்போது ஓரங்கள் சீப்புப் பற்களாகப் பிரிந்து தெரியும். பாதிகளைச் சரியாகப் பின்னிக் காட்டும் வேலையைக் கோடி செய்யும். மேலே சொன்ன எந்தப் பெட்டிக்கும் அது எளிது.

அவசரம் பெட்டியில் இல்லை, வட்டில் இருக்கிறது. வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாயம். சூட்டிலும் ஈரத்திலும் அது வெளுக்கும். இந்த மினி கணினிகளில் டிவிடி டிரைவ் கிடையாது, யூஎஸ்பியில் செருகும் டிரைவ் வேண்டும். ஒரு வட்டு 4.7 ஜிபி. நூறு வட்டுகள் சேர்ந்தாலும் 1 டிபி டிஸ்க்கில் பாதி நிரம்பாது. ஆகவே சுருக்காமல், மாற்றாமல், உள்ளபடியே நகலெடுப்பது நல்லது. ஊர்க் கடையில் எம்பி4 ஆக மாற்றித் தரச் சொன்னால், அந்தச் சீப்புப் பற்கள் படத்தோடு ஒட்டிச் சுருங்கி நிரந்தரமாகிவிடும் அபாயம் உண்டு. நகல் இரண்டாக இருக்கட்டும். ஒன்று வீட்டு டிஸ்க்கில், மற்றொன்று உப்புக் காற்று எட்டாத திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில்.